லகுவும் குருவும்: சமஸ்கிருத, பாலி யாப்பு எப்படி அளக்கப்படுகிறது?

சமஸ்கிருதச் செய்யுள் எதுவானாலும் அதைச் சுலோகம் என்று அழைத்துவிடுவதும், அது எந்த மெட்டில் பாடப்படுகிறதோ அதுவே அதன் சந்தம் என்று எண்ணிக்கொள்வதும், அடிக்கு எட்டு எழுத்து வந்துவிட்டால் அது அனுஷ்டுப் என்று முடிவு கட்டுவதும் நம்மிடையே பரவலாக உள்ளன. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் உள்ள செய்யுள்களைப் பற்றி, யாப்பறியாத துறவிகள் தோராயமாகக் கட்டியவை என்ற பேச்சும் உண்டு. இவற்றில் எதுவும் சரியன்று. இவ்விரு மொழிகளின் யாப்பும் ஒலி நீடிக்கும் கால அளவின் மேல் நிற்பது. அந்த அளவு பிடிபட்டுவிட்டால், பெயர் தெரியாத ஒரு செய்யுளின் யாப்பைக்கூடக் காதாலேயே இனங்காண முடியும். அதற்குச் சமஸ்கிருதப் புலமை தேவையில்லை. குறில், நெடில் வேறுபாட்டைப் பள்ளியிலேயே கற்ற தமிழ் வாசகர் பாதி வழியை ஏற்கெனவே கடந்துவிட்டார்.

## எண்ணப்படுவது எது?

இந்த யாப்பில் எண்ணப்படும் மிகச் சிறிய அலகு அட்சரம். ஓர் உயிரொலியும் அதனோடு ஒட்டி நிற்கும் மெய்யொலிகளும் சேர்ந்தது ஓர் அட்சரம். ஆகவே ஓரடியில் எத்தனை உயிரொலிகள் உள்ளனவோ அத்தனை அட்சரங்கள். 'தர்மம்' என்று தமிழில் எழுதினால் எழுத்து நான்கு. ஆனால் உயிரொலி இரண்டே என்பதால் அட்சரமும் இரண்டே. எழுத்தை எண்ணுகிறவர் இங்கேயே வழி தவறிவிடுகிறார்.

அட்சரங்கள் இரண்டு வகைப்படும். குறுகிய நேரமே ஒலிப்பது லகு. நீண்டு ஒலிப்பது குரு. லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு மாத்திரை. நெடில் வந்தால் அது குரு என்பதில் குழப்பமில்லை. குழப்பம் குறிலில்தான். குறிலுக்குப் பின் ஒரே ஒரு மெய் வந்து, அதைத் தொடர்ந்து உயிர் வந்தால் அது லகுவாகவே இருக்கும். ஆனால் குறிலுக்குப் பின் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் அந்தக் குறிலும் குருவாகிவிடும், ஏனெனில் இரண்டு மெய்களைக் கடந்து அடுத்த உயிருக்குப் போக நாவுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. குறிலை அடுத்து அனுஸ்வாரம் என்னும் மூக்கொலியோ, விஸர்க்கம் என்னும் ஹகரச் சாயலுள்ள ஒலியோ வந்தாலும் இதே கதைதான்.

இந்த விதி சொல்லின் எல்லையில் நின்றுவிடுவதில்லை. 'ஸுப்ரஜா' என்பதில் 'ஸு' குறில்தான். ஆனால் அடுத்து ப், ர் என இரண்டு மெய்கள் வருவதால் அது குரு. அந்த இரண்டு மெய்களும் அடுத்த சொல்லின் தொடக்கத்தில் இருந்தாலும், ஒரே அடிக்குள் வரும்வரை, முந்தைய சொல்லின் ஈற்றிலுள்ள குறில் குருவாகும். சொற்களுக்கிடையே நாம் விடும் இடைவெளி அச்சுக்காக ஏற்பட்டது. யாப்பு அதைப் பார்ப்பதில்லை. அடியின் கடைசி அட்சரத்துக்கு மட்டும் சலுகை உண்டு: பெரும்பாலான யாப்புகளில் அது லகுவாக இருந்தாலும் குருவாகக் கொள்ளலாம், ஏனெனில் அங்கே குரல் எப்படியும் சற்று ஓய்கிறது.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. தமிழில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் குறில் வடிவம் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் ஏ, ஓ இரண்டும் எப்போதும் நெடிலே. ஐகாரமும் தமிழில் குறுகுவது போல அங்கே குறுகுவதில்லை. பாலியில் இரட்டை மெய்க்கு முன் ஏகாரமும் ஓகாரமும் குறுகி ஒலித்தாலும், பின்னால் இரண்டு மெய்கள் நிற்பதால் அட்சரம் எப்படியும் குருவாகவே எண்ணப்படும்.

சுருக்கமாக, உயிரொலிகளை எண்ண வேண்டும், நெடிலையும், இரட்டை மெய்க்கு முன் வரும் குறிலையும், அனுஸ்வார விஸர்க்கங்கள் தொடரும் குறிலையும் குரு என்று குறிக்க வேண்டும், மீதமுள்ளவை லகு. இதற்கு மேல் வருபவை அனைத்தும் இந்த இரண்டையும் அடுக்கும் முறைகளே.

## மூன்று விதமான அடுக்கு

முழுச் செங்கலையும் அரைச் செங்கலையும் கொண்டு சுவர் எழுப்பும் கொத்தனாரை நினைத்துக்கொள்ளலாம். முழுக்கல் குரு, அரைக்கல் லகு. அவருக்கு மூன்று விதமாக உத்தரவு தரலாம். 'வரிசைக்கு எட்டுக் கல் வை. குறிப்பிட்ட மூன்று இடங்களில் மட்டும் நான் சொல்லும் கல் இருக்கட்டும். மற்ற இடங்களில் கையில் கிடைத்ததை வை' என்பது ஒன்று. 'வரிசைக்குப் பதினேழு கல். எந்த இடத்தில் முழுக்கல், எந்த இடத்தில் அரைக்கல் என்பதை நானே எழுதித் தருகிறேன், அதில் ஒன்றும் மாறக்கூடாது' என்பது இரண்டாவது. 'எத்தனை கல் வைத்தாலும் சரி, வரிசையின் மொத்த நீளம் இவ்வளவுதான் இருக்க வேண்டும்' என்பது மூன்றாவது. முதலாவது சுலோகம், இரண்டாவது விருத்தம், மூன்றாவது மாத்திரைச் செய்யுள். சமஸ்கிருத, பாலி யாப்புகளில் ஒரு தொடக்க வாசகர் சந்திக்கும் ஏறத்தாழ எல்லாமே இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும்.

## சுலோகம்: பாதி சுதந்திரம், பாதி கட்டு

இராமாயணம், மகாபாரதம், புராணங்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி, பாலி பௌத்த நூலான தம்மபதத்தின் 423 செய்யுள்களில் பெரும்பான்மை எல்லாம் இந்த ஒரே யாப்பில் அமைந்தவை. இதன் இலக்கணப் பெயர் அனுஷ்டுப். நான்கு பாதங்கள், பாதத்துக்கு எட்டு அட்சரங்கள், ஆக 32. பாதம் என்பது செய்யுளின் நான்கில் ஒரு பங்கு.

ஆனால் எட்டு என்ற எண்ணிக்கை மட்டும் சுலோகத்தை உருவாக்கிவிடாது. ஒவ்வொரு பாதத்திலும் ஐந்தாம் அட்சரம் லகுவாகவும் ஆறாவது குருவாகவும் இருக்க வேண்டும். ஏழாவது, முதல், மூன்றாம் பாதங்களில் குரு. இரண்டாம், நான்காம் பாதங்களில் லகு. கீதையின் முதல் வரியில் இதைச் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே உள்ள வரியில் 'கு' என்பது குருவையும் 'ல' என்பது லகுவையும் குறிக்கும்.

தர் – மக் – ஷேத் – ரே – கு – ருக் – ஷேத் – ரே
கு – கு – கு – கு – ல – கு – கு – கு

ஸ – ம – வே – தா – யு – யுத் – ஸ – வ:
ல – ல – கு – கு – ல – கு – ல – கு

முதல் நான்கு அட்சரங்களைப் பாருங்கள். ஒரு பாதம் நான்கு குருவோடு கனமாகத் தொடங்குகிறது. அடுத்தது இரண்டு லகுவோடு துள்ளி எழுகிறது. அந்தப் பகுதியில் கவிக்கு விடுதலை உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தாற்போல் லகுவாக வரக்கூடாது என்பது போன்ற சில தடைகளே இருக்கின்றன. பின்பாதிதான் கட்டுப்பட்டது. 'ல கு கு' என்று முடியும் ஒற்றைப்படைப் பாதம் இன்னும் ஏதோ வரவிருக்கிறது என்ற எதிர்பார்ப்போடு நிற்கிறது. 'ல கு ல' என்று வரும் இரட்டைப்படைப் பாதத்தில் வாக்கியம் இறங்கி அமர்கிறது. ஒரு கதையை ஆயிரக்கணக்கான செய்யுள்களில் சொல்லும்போது அலுப்புத் தட்டாமல் இருப்பதற்குக் காரணம் இந்த ஏற்ற இறக்கமும், ஒவ்வொரு பாதத்தின் முன்பாதியிலும் கிடைக்கும் அந்த விடுதலையுமே என்பது என் கருத்து. முற்றிலும் இறுகிய யாப்பில் மகாபாரதம் முழுவதையும் சொல்லியிருக்கவே முடியாது.

ஒற்றைப்படைப் பாதங்களில் 'ல கு கு' என்பதற்கு மாற்றாக வேறு சில முடிவுகளையும் மரபு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவற்றுக்கு விபுலா என்று பெயர். இரட்டைப்படைப் பாதத்தின் முடிவுக்கு அப்படிப்பட்ட மாற்று இல்லை. எனவே ஒரு சுலோகத்தை இனங்காண விரும்பும் புதியவர், இரண்டாம், நான்காம் பாதங்களின் கடைசி நான்கு அட்சரங்களை முதலில் பார்ப்பது நல்லது.

## விருத்தம்: ஓர் அட்சரமும் நகராது

காப்பியக் கவிகளும் தோத்திரக் கவிகளும் மிகுதியாகக் கையாண்டவை விருத்தங்கள். இங்கே பாதத்தின் ஒவ்வொரு அட்சரமும் லகுவா குருவா என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். பொதுவாக நான்கு பாதங்களும் ஒரே அச்சில் வார்த்தவை.

இந்த வரையறைகளைச் சுருக்கமாகச் சொல்ல, யாப்பிலக்கண ஆசிரியரான பிங்கலரின் மரபு மூன்று மூன்று அட்சரங்களைச் சேர்த்து ஒரு கணம் என்று பெயரிட்டது. லகு, குரு என்ற இரண்டை மூன்று இடங்களில் வைக்க எட்டு வழிகளே உண்டு என்பதால் கணங்களும் எட்டு: ய, ம, த, ர, ஜ, ப, ந, ஸ. இவற்றை மனத்தில் இருத்த மாணவர்கள் ஓதும் ஒரு வாய்பாடு உண்டு:

ய மா தா ரா ஜ பா ந ஸ ல கம்

ஏதேனும் ஓர் எழுத்தில் தொடங்கி அடுத்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அந்தக் கணத்தின் வடிவமே வாயில் வந்துவிடும். ய கணமா? 'ய மா தா': லகு, குரு, குரு. ஜ கணமா? 'ஜ பா ந': லகு, குரு, லகு. ஸ கணம் 'ஸ ல கம்': லகு, லகு, குரு. பத்தே அட்சரங்களுக்குள் எட்டுக் கணங்களையும் ஒன்றுகூட இரட்டிக்காமல் கோத்திருக்கும் இந்த வரி, மனப்பாடத்துக்கென்று மனிதர் செய்த கருவிகளில் மிக நேர்த்தியானவற்றுள் ஒன்று.

இனி, தமிழ்நாட்டில் அதிகாலையில் கோயில்களிலும் வீடுகளிலும் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதத்தைக் கேட்டுப் பார்க்கலாம். 'கௌஸல்யா ஸுப்ரஜா ராம' என்று தொடங்கும் முதல் செய்யுள் வால்மீகி இராமாயணத்திலிருந்து எடுத்தது, யாப்பு அனுஷ்டுப். இரண்டாவதும் அதே யாப்பு. மூன்றாவதாக 'மாதஸ் ஸமஸ்த ஜகதாம் மதுகைடபாரே:' என்று வரும்போது நடை மாறிவிடுகிறது. பாதத்துக்கு எட்டாக இருந்தது பதினான்காகிறது.

மா – தஸ் – ஸ – மஸ் – த – ஜ – க – தாம் – ம – து – கை – ட – பா – ரே:
கு – கு – ல – கு – ல – ல – ல – கு – ல – ல – கு – ல – கு – கு

இது வசந்ததிலகம் என்னும் விருத்தம். கணமாகச் சொன்னால் த, ப, ஜ, ஜ, பின்னர் இரண்டு குரு. நான்காம் செய்யுளான 'தவ ஸுப்ரபாதம் அரவிந்தலோசனே' பதின்மூன்று அட்சரங்கள் கொண்ட மஞ்சுபாஷிணி. அதன்பின் பெரும்பாலும் வசந்ததிலகமே தொடர்கிறது. இந்தச் செய்யுள்களை வேறொரு ராகத்தில் பாடினாலும், ராகமே இல்லாமல் வெறுமனே வாசித்தாலும், லகு குரு வரிசை மாறப்போவதில்லை. ராகம் ஒலியின் உயர்வு தாழ்வைப் பற்றியது; யாப்பு ஒலியின் நீளம் குறுக்கத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போதுதான் 'இந்தச் சந்தம் மோகனத்தில் உள்ளது' என்பது போன்ற பொருளற்ற வாக்கியங்கள் பிறக்கின்றன.

விருத்தத்தின் ஆற்றலை முழுமையாக உணர மந்தாக்கிராந்தாவுக்குச் செல்ல வேண்டும். காளிதாசரின் மேகதூதம் முழுவதும் இந்த ஒரே விருத்தத்தில் அமைந்தது. பாதத்துக்குப் பதினேழு அட்சரங்கள். நான்காவதிலும் பத்தாவதிலும் குரல் நின்று செல்ல வேண்டும். இந்த நிறுத்தத்துக்கு யதி என்று பெயர்.

கஸ் – சித் – காந் – தா | வி – ர – ஹ – கு – ரு – ணா | ஸ்வா – தி – கா – ராத் – ப்ர – மத் – த:
கு – கு – கு – கு | ல – ல – ல – ல – ல – கு | கு – ல – கு – கு – ல – கு – கு

முதல் நான்கும் குரு: காலை எடுத்து வைக்கவே மனமில்லாதது போன்ற நடை. பிறகு ஐந்து லகுக்கள் ஒரே மூச்சில் உருண்டோடி ஒரு குருவில் போய் நிற்கின்றன. அதன்பின் வரும் ஏழு அட்சரங்கள் அலை ஓய்வது போலச் சீராக இறங்குகின்றன. மனைவியைப் பிரிந்து மலையில் தவிக்கும் யட்சன் ஒரு மேகத்திடம் பேசும் பேச்சுக்கு, தயங்கித் தொடங்கி, பொங்கி, மீண்டும் தளரும் இந்த நடையைக் கவி தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. கணக்கின்படி பதினேழு அட்சரங்களை லகு குருவாக அடுக்க 1,31,072 வழிகள் உண்டு. கவிகளின் காது அவற்றுள் மிகச் சிலவற்றையே ஏற்றுக்கொண்டது.

எல்லா விருத்தமும் இவ்வளவு சிக்கலானதன்று. திருச்செந்தூரோடு தொடர்புடையதாகவும் ஆதிசங்கரர் இயற்றியதாகவும் மரபு கூறும் சுப்ரமண்ய புஜங்கம், 'ஸதா பாலரூபாபி விக்நாத்ரி ஹந்த்ரீ' என்று லகு, குரு, குரு என்ற ய கணமே நான்கு முறை திரும்ப வரும் புஜங்கப்பிரயாதத்தில் அமைந்தது. ஒரே நெளிவு மீண்டும் மீண்டும் வருவதைக் குழந்தைகள்கூட எளிதில் பற்றிக்கொள்கிறார்கள். குமாரசம்பவத்தின் முதல் செய்யுளிலோ, பதினொரு அட்சரமுள்ள இந்திரவஜ்ராவும், முதல் அட்சரம் மட்டும் குருவுக்குப் பதில் லகுவாக மாறிய உபேந்திரவஜ்ராவும் கலந்து வருகின்றன. இந்தக் கலப்புக்கு உபஜாதி என்று பெயர்.

## மாத்திரைச் செய்யுள்: நீளம் மட்டுமே கணக்கு

மூன்றாம் வகையில் அட்சரங்களின் எண்ணிக்கை செய்யுளுக்குச் செய்யுள் மாறும். மாத்திரைகளின் கூட்டுத்தொகை மாறாது. இதன் தலையாய வடிவம் ஆரியா. முதல் பாதத்தில் 12 மாத்திரை, இரண்டாவதில் 18, மூன்றாவதில் மீண்டும் 12, நான்காவதில் 15. சாங்கிய காரிகையின் முதல் பாதம் 'து:கத்ரயாபிகாதாஜ்' என்பது. து: (2), கத் (2), ர (1), யா (2), பி (1), கா (2), தாஜ் (2): கூட்டினால் 12. ஆரியாவுக்குள்ளும் நான்கு நான்கு மாத்திரையாகப் பிரியும் ஒழுங்கு உண்டு. மேற்கண்ட பாதம் 'து:கத்', 'ரயாபி', 'காதாஜ்' என்று சரியாக மூன்று துண்டாகிறது.

பிராகிருதக் காதல் பாடல்களின் தொகுப்பான காதா சப்தசதியில் ஆளும் யாப்பு இதுவே. கி.பி. 499-ஐ ஒட்டிய வானியல், கணித நூலான ஆரியபடீயத்தின் பெரும்பகுதியும், சாங்கிய காரிகை போன்ற தத்துவ நூல்களும் ஆரியாவில் எழுந்தன. எண்களையும் கலைச்சொற்களையும் அடைக்க வேண்டிய நூலாசிரியர்களுக்கு, அட்சரங்களை இடம் மாற்றிக்கொள்ள விடும் இந்த யாப்பு வசதியாக இருந்திருக்கும்.

இதில் ஒரு கணிதமும் பிறந்தது. ஒரு மாத்திரையையும் இரண்டு மாத்திரையையும் கொண்டு குறிப்பிட்ட நீளத்தை எத்தனை விதமாக நிரப்பலாம்? ஒரு மாத்திரை நீளத்துக்கு ஒரு வழி, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு. முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரர் இந்த விதியைத் தெளிவாக எழுதிவைத்தார். அவருக்கு முன்பே விரஹாங்கர் என்ற யாப்பறிஞர் அதை அறிந்திருந்தார். இன்று உலகம் இந்த வரிசைக்கு வழங்கும் பெயர், 1202-இல் தம் நூலை எழுதிய இத்தாலியரான பிபனாச்சியுடையது.

இதுவரை கண்டதைத் தொகுத்தால்: சுலோகத்தில் எண்ணிக்கையும் சில இடங்களும் நிலையானவை, விருத்தத்தில் எண்ணிக்கையும் எல்லா இடங்களும் நிலையானவை, ஆரியாவில் மொத்தக் கால அளவு நிலையானது.

## வேதத்தில் தொடக்கம்

இவற்றுக்கெல்லாம் மூத்தவை வேத சந்தங்கள். எட்டு அட்சரப் பாதங்கள் மூன்று கொண்டது காயத்ரி. பதினொரு அட்சரப் பாதங்கள் நான்கு கொண்டது திரிஷ்டுப். பன்னிரண்டு அட்சரப் பாதங்கள் நான்கு கொண்டது ஜகதீ. காயத்ரி என்பது ஒரு மந்திரத்தின் பெயர் மட்டுமன்று. ரிக்வேதத்தின் முதல் சூக்தமான 'அக்னிமீளே' உட்பட ஏராளமான வேதச் செய்யுள்களின் யாப்பு அது.

காயத்ரி மந்திரத்தையே எண்ணிப் பாருங்கள். 'பர்கோ தேவஸ்ய தீமஹி' எட்டு. 'தியோ யோ ந: ப்ரசோதயாத்' எட்டு. ஆனால் 'தத் ஸவிதுர் வரேண்யம்' ஏழே. எட்டாவது எங்கே? 'வரேண்யம்' என்பது யாப்பின்படி 'வரேணியம்' என்று நான்கு அட்சரமாக எண்ணப்படுகிறது. இப்படி இகரம் புகுத்தி நிரப்பிக்கொள்ள யாப்பிலக்கணம் இடந்தருகிறது. நிரப்பாமல் விட்டால் ஓர் அட்சரம் குறைந்த அந்தக் காயத்ரிக்கு நிச்ருத் என்று தனிப்பெயரும் வைத்திருக்கிறது. எழுத்தில் இல்லாத ஓர் உயிரை யாப்பு இங்கே எண்ணுகிறது. இதற்கு நேர்மாறானதைப் பாலியில் காணலாம்.

## பாலி: பிழையன்று, வேறொரு கட்டம்

பாலிச் செய்யுள்கள் காப்பிய காலத்து விருத்தங்களுக்குக் காலத்தால் முந்தியவை. வேத சந்தத்தின் நெகிழ்வுக்கும் காளிதாசர் காலத்து இறுக்கத்துக்கும் இடைப்பட்ட நிலை அவற்றில் தெரிகிறது. சுத்தநிபாதம் என்ற பாலித் தொகுப்பின் பழம்பகுதியான அட்டகவக்கத்தில் வரும் பதினொரு அட்சர துட்டுபம், இந்திரவஜ்ரா போல ஒவ்வோர் இடத்திலும் பூட்டப்பட்டதன்று. வேதத் திரிஷ்டுப்பின் நேரடி வாரிசு. புத்த மடங்களில் இன்றும் ஓதப்படும் மெத்த சுத்தமோ, பிற்கால ஆரியாவுக்கு முன்னோடியான பழைய ஆரியாவில் அமைந்தது. இத்தகைய செய்யுள்களைக் காப்பிய கால அளவுகோலால் அளந்துவிட்டுப் பிழை மலிந்தவை என்று கூறுவது நியாயமாகாது.

பாலிக் கவிகள் யாப்பை எவ்வளவு நுணுக்கமாகக் காத்தார்கள் என்பதற்குத் தம்மபதமே சான்று. 183-ஆம் செய்யுளின் முடிவு எல்லோரும் அறிந்தது: 'ஏதம் புத்தான ஸாஸனம்'. 'புத்தர்களின்' என்பதற்கு வழக்கமான வடிவம் 'புத்தானம்'. அதை அப்படியே வைத்தால் ஐந்தாம் அட்சரமான 'னம்' குருவாகிவிடும். சுலோக விதி அங்கே லகுவைக் கேட்கிறது. ஈற்று மூக்கொலியை விட்டுவிட்டு 'புத்தான' என்றதும் வரி நேராகிறது.

24-ஆம் செய்யுளில் இதற்கு எதிரான செயல் நடக்கிறது. 'உட்டானவதோ ஸதீமதோ' என்பது முதல் பாதம். யாப்பு வேதாலீயம்: ஒற்றைப்படைப் பாதத்தில் 14 மாத்திரை, இரட்டைப்படைப் பாதத்தில் 16; இரண்டுமே 'குரு லகு குரு லகு குரு' என்று முடிய வேண்டும்.

உட் – டா – ன – வ | தோ – ஸ – தீ – ம – தோ
கு – கு – ல – ல | கு – ல – கு – ல – கு

முதல் துண்டில் ஆறு, பின்துண்டில் எட்டு, ஆக 14. விழிப்புணர்வுடையவன் என்ற பொருளில் வழக்கமாக வருவது 'ஸதிமதோ' என்ற குறில் வடிவம். அதை வைத்தால் முடிவில் மூன்று லகுக்கள் அடுத்தடுத்து நின்று, மொத்தமும் 13-ஆகக் குறைந்துவிடும். ஆகவே இகரம் நீண்டது. அடுத்த பாதமான 'ஸுசிகம்மஸ்ஸ நிஸம்மகாரினோ' ஒரு மாற்றமும் தேவைப்படாமல் 16-இல் வந்து நிற்கிறது.

22-ஆம் செய்யுளின் கடைசிப் பாதம் 'அரியானம் கோசரே ரதா'. எண்ணினால் ஒன்பது அட்சரங்கள். கவிக்கு எண்ணத் தெரியவில்லையா? 'ஆர்ய' என்ற சமஸ்கிருதச் சொல்லின் மெய்க்கூட்டுக்கு நடுவே, உச்சரிப்பை எளிதாக்க நுழைந்த உயிர்தான் 'அரிய' என்பதிலுள்ள இகரம். இப்படி நுழையும் உயிருக்கு ஸ்வரபக்தி என்று பெயர். எழுத்தில் இருந்தாலும் யாப்பு அதை எண்ணுவதில்லை. 'அர்யானம் கோசரே ரதா' என்று வாசித்தால் எட்டு அட்சரங்கள்; ஐந்தாவது லகு, ஆறாவது குரு, ஏழாவது லகு, எல்லாம் விதிப்படியே.

இந்த நூல்கள் எழுத்தில் பதிவதற்கு முன் பல தலைமுறைகள் வாய்வழியாகவே கடத்தப்பட்டவை. யாப்பு அவற்றுக்கு அழகு மட்டுமன்று, பூட்டும்கூட. ஒரு சொல் மாறினால் வரி தட்டும். தட்டியவுடன் ஓதுகிறவர் நின்று யோசிப்பார். ஏடுகளுக்கிடையே பாடபேதம் வரும்போது எது மூலம் என்று தீர்மானிக்கப் பதிப்பாசிரியர்கள் இன்றும் யாப்பைத் துணைக்கு அழைக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் சங்கரக்கித தேரர் பாலி யாப்புக்கென்றே 'வுத்தோதயம்' என்ற இலக்கண நூலை எழுதினார். கேதாரபட்டரின் சமஸ்கிருத நூலான விருத்தரத்னாகரத்தைப் பின்பற்றியது அது. பழைய பாலிச் செய்யுள்களின் நெகிழ்வுகளை விளக்குவதை விட, பிற்காலத்தில் இறுக்கமான விருத்தங்களில் பாலி எழுத விரும்பியோருக்கே அது பெரிதும் உதவியது.

## தமிழ் வழியாக அணுகும்போது

தமிழ் யாப்பு கற்றவர்கள் குருவை நேரசையோடும் லகுவை நிரையசையோடும், அல்லது மாற்றியும், பொருத்திப் பார்ப்பதுண்டு. அது பொருந்தாது. 'வெற்றி' என்ற சொல் தமிழில் நேர் நேர். 'வெற்' என்ற ஒற்றடுத்த குறிலும் 'றி' என்ற தனிக்குறிலும் அங்கே சம மதிப்புடையவை. சமஸ்கிருத அளவையில் முன்னது குரு, பின்னது லகு. இரண்டும் ஒருபோதும் சமமாகா. நிரையசையோ இரண்டு அட்சரங்கள் சேர்ந்தது. தமிழ் அசையின் மேல் சீரையும் சீரின் மேல் தளையையும் கட்டுகிறது. சமஸ்கிருதம் லகு குருவை நேரடியாகப் பாதத்தில் அடுக்குகிறது. இந்த வேறுபாட்டை நன்கு அறிந்த பௌத்தரான புத்தமித்திரர், 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய வீரசோழியத்தில் தமிழ் யாப்போடு வடமொழி விருத்தங்களையும் விளக்கினார்.

நடைமுறையில் இடர் தருவது எழுத்து முறைதான். தமிழ் எழுத்தில் அச்சான தோத்திரப் புத்தகங்களில் 'ப்ரஜா' என்பது 'பிரஜா' என்று அச்சாகும். 'க்ரமம்' என்பது 'கிரமம்' ஆகும். மெய்க்கூட்டுக்கு நடுவே இகரம் நுழைவது தமிழ் நாவுக்கு இயல்பானதே. பாலி 'அரிய' என்றதும் இதே இயல்பினால்தான். ஆனால் அச்சில் உள்ளபடியே ஓதினால் இரண்டு விதத்தில் யாப்பு குலைகிறது. 'கௌஸல்யா ஸுபிரஜா ராம' என்றால் பாதத்தில் ஒன்பது அட்சரங்களாகின்றன. அதோடு, ப், ர் இரண்டும் பிரிந்துவிடுவதால் 'ஸு' குருத்தன்மையை இழந்து லகுவாகிறது. புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓதுகிறவர்கள், இப்படிப்பட்ட இடங்களில் இகரத்தைப் பென்சிலால் சுழித்துவிட்டு, முந்தைய குறிலின் மேல் குரு என்று ஒரு குறி இட்டுக்கொண்டால் போதும். சுலோகமானால் ஐந்தாம் அட்சரம் லகுவாகவும் ஆறாவது குருவாகவும் வருகிறதா என்று விரல் விட்டு எண்ணி உடனே சரிபார்த்துக்கொள்ளலாம்.